நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு குழாய்

இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த மனிதரை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்று வரிக் கடிதம் ஒன்று நடுவழியில் இறக்கிவிட்டது. பேருந்துகளில் மஞ்சள் நிறத்தில் ஓர் இயந்திரம் வைத்துவிட்டார்கள். அட்டையைக் காட்டினால் அது 'கீச்' என்று கத்தும், அவ்வளவுதான். அதற்குச் சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம், மூல வியாதி வராது, பயணிகளின் பரம்பரையைப் பற்றிக் கருத்துச் சொல்லாது. இந்தக் கடைசி விஷயத்தில் கண்டக்டர் கொஞ்சம் தாராளமானவர். அதனால் அவர் போனதில் நாலைந்து தடங்களில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்று டிரைவர்கள் இன்றும் சொல்வார்கள்.

யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உபரியாகிப்போன கண்டக்டர்களுக்கு நகராட்சி ஒரு பட்டியலை நீட்டியது. மயானக் காவல், பூங்கா, தண்ணீர் மீட்டர் பார்ப்பது, குப்பை வண்டி, நூலகம், பாலர் பள்ளி உதவியாளர். விருப்பப்படி வரிசை எண் போட வேண்டும். கண்டக்டர் யோசிக்கவே இல்லை, மயானத்துக்கு ஒன்று போட்டார்.

"உசுரோட இருக்கறவங்ககிட்ட இருபத்திரண்டு வருஷம் மல்லுக்கட்டியாச்சு. இனிமே போய்ச் சேர்ந்தவங்களோட இருக்கேன். யாரும் சில்லறை கேக்க மாட்டாங்க" என்றார் மனைவியிடம்.

பாலர் பள்ளிக்கு ஆறு போட்டார். ஏழு என்று ஓர் எண்ணுக்கு இடமிருந்தால் அதைத்தான் போட்டிருப்பார்.

பாலர் பள்ளிதான் கிடைத்தது. அந்த வருடம்தான் அரசாங்கம் ஒரு முடிவெடுத்திருந்தது. மூன்று வயது முதல் ஐந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாலர் பள்ளி இலவசம், செலவு முழுக்க அரசாங்கத்துடையது. அதோடு, இனி அது பிள்ளைகளைப் பூட்டிவைக்கிற இடமாக இருக்கக் கூடாது, தரமான பள்ளியாக இருக்க வேண்டும். இருபது பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம். சட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை பெரியவர்களுக்கு எங்கே போவது? ஒரு மேசையில் உபரிக் கண்டக்டர்கள் பட்டியலும் இன்னொரு மேசையில் ஆள் பற்றாக்குறைப் பட்டியலும் கிடந்தன. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் சேர்த்து நூலால் கட்டிவிட்டார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. கடிதத்தைப் படித்தவள், மடித்துக்கொண்டிருந்த போர்வையைக் கட்டிலில் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"நம்ம புள்ளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க குண்டி கழுவிவிட்டதுண்டா? அவன் கல்யாண வயசுக்கு வந்துட்டான். இப்ப ஊரான் புள்ளைங்க நாப்பது பேர உங்ககிட்ட குடுக்கறாங்களா? இந்த கவர்மெண்டுக்குத்தான் என்ன தைரியம்!"

"உதவியாளர்னுதான் போட்டிருக்கு" என்றார் அவர், ரோஷமாக.

"யாருக்கு உதவின்னு போட்டிருக்கா?"

அது போட்டிருக்கவில்லை.

பள்ளி ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. மாடியில் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். இறப்புச் சான்றிதழ் வாங்க அழுதுகொண்டு வருகிறவர்கள் மாடிப்படி தெரியாமல் பள்ளிக்குள் நுழைந்துவிடுவார்கள். நாற்பது வாண்டுகள் ஒரே குரலில் கத்துவதைக் கேட்டுக் கண்ணீர் உறைந்து நிற்பார்கள். ஒரு நீள அறை, உயரத்தில் ஜன்னல்கள், பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர். ஓர் ஓரத்தில் இரண்டு கழிப்பறை, அவற்றுக்கு வெளியே ஒரு குழாய். சுவரின் உச்சியில் ஓர் அலமாரி, அதில் மரக்கட்டைகள், வளையங்கள், புதிர்ப்பெட்டிகள். எல்லாம் ஒன்பது வருடத்துக்கு முன் வாங்கியவை, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. ஏனென்றால் அவற்றின் பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கவே இல்லை.

அங்கே ஆட்சி செய்தவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். உயரம் நாலடி எட்டு அங்குலம். பதினோரு வருடமாகத் தனி ஆளாக நாற்பது பிள்ளைகளைச் சமாளித்த அம்மாள். கண்டக்டரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "உக்காருங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். அது முழங்கால் உயரம்கூட இல்லை. கண்டக்டர் உட்கார்ந்தார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. நாற்பது பிள்ளைகளுக்கும் அவரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

அந்த நல்ல பெயரை அவர் பதினொரு மணிக்குள் தொலைத்தார். பிள்ளைகள் நாலா பக்கமும் ஓடியதைப் பார்த்துப் பழக்க தோஷத்தில் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஓர் ஊது ஊதினார். அறை சிலைபோல் நின்றது. பிறகு ஒரு பிள்ளை அழுதது. அதைப் பார்த்து அடுத்தது. ஒரு நிமிடத்தில் முப்பத்தொன்பது பேர் அழுதார்கள். நாற்பதாவது பிள்ளை மட்டும் அழவில்லை. நேராக நடந்துவந்து, விசில் பிடித்திருந்த கையைக் கடித்தது.

அதுதான் எலி. வீட்டில் வைத்த பெயர் வேறு. பள்ளியில் இந்தப் பெயர்தான் நிலைத்தது. நாலு வயது, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரித் தலைமுடி, அரிசிமணி போல வரிசையான பற்கள். அந்தப் பற்களின் அச்சு பள்ளியில் பாதிப் பேரின் கையில் இருந்தது. பெரிய டீச்சர் விசிலைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் பூட்டினார். கண்டக்டரின் கையில் மருந்து தடவினார்.

"வாரத்துக்கு ஒரு கம்ப்ளெயிண்டு. நாலு அம்மாக்கள் அவள நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க" என்றார்.

"பிஞ்சுலேயே ரௌடி."

"பாவம்ங்க. அவங்க அம்மாவுக்குக் காலைல ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வேலை. இங்க நிறுத்திட்டா இவ எங்க போவா?"

கண்டக்டரையும் நிறுத்தப் பார்த்தார்கள். ஆண்பிள்ளை ஒருவர் பாலர் பள்ளியிலா என்று பெற்றோர் கூடினார்கள். தலைமை தாங்கியவர் எதிர்த்த தெருவின் மருந்துக்கடைக்காரர். எதையும் அளந்து பேசுபவர், அவர் மகனும் இதே பள்ளியில். கடைசியில் நிபந்தனைகளோடு விட்டார்கள்: கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும், பிள்ளையுடன் தனியே இருக்கக் கூடாது, கழிப்பறைக்குள் பெரிய டீச்சர்தான் போக வேண்டும். கண்டக்டர் முகம் சுருங்கித்தான் போயிற்று. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"சந்தேகப்பட்டா என்ன? நல்லதுதான்" என்றாள் மனைவி. "நம்ம புள்ளையா இருந்தா நானும் கேட்டிருப்பேன். நீங்க நல்லவர்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? மூஞ்சிய வேற அப்பிடி வச்சிருக்கீங்க."

அது நியாயமாகப் பட்டது. சாப்பிட்டார்.

சனிக்கிழமைகளில் பயிற்சி. முப்பது பெண்களும் இவரும். சொல்லிக்கொடுக்க வந்தவள் அவர் மகனைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம், ஒல்லி, கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச். பெயரைச் சொன்னாள், யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, ஸ்டாப்வாட்ச் என்றே ஆகிவிட்டது. வாரநாளில் பள்ளிக்கும் வந்து மூலையில் உட்கார்ந்து எதையோ குறிப்பாள். மூன்றாவது வாரம் கண்டக்டரைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினாள்.

"ஒரு மணி நேரம் உங்களைப் பார்த்தேன் சார். 'உள்ள போ' எழுபத்துமூணு தடவை. 'தள்ளி நில்லு' நாப்பத்தொண்ணு. கேள்வி நாலு."

"நாலு கேட்டேன்ல?"

"கேட்டீங்க. ஒண்ணுக்குமே பதில் வர்ற வரைக்கும் நிக்கல. கேட்டுட்டு அடுத்த ஆள்கிட்ட போயிட்டீங்க."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"பத்து செகண்டு."

"பத்து செகண்டா! அதுக்குள்ள பாதி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுருவேன்மா."

"இங்க யாரும் எறங்கப்போறதில்ல சார்" என்றாள் அவள். "நாலு வயசுப் புள்ளைக்கு நீங்க கேட்டது காதுல போய், புரிஞ்சு, வார்த்தை தேடி, வாய்க்கு வர நேரமாகும். நாம அவசரப்பட்டா அதுங்க பேச்ச விட்டுருதுங்க. பேசாத புள்ளைக்கு நாளைக்குப் படிப்பும் ஏறாது."

அந்தப் பெண்ணுக்கு இவரிடம் பயமே இல்லை என்பதுதான் கண்டக்டரை உறுத்தியது. செக்கிங் இன்ஸ்பெக்டர்களே இவரிடம் கொஞ்சம் பம்மித்தான் பேசுவார்கள். பத்து செகண்டு கதையெல்லாம் பொய் என்று நிரூபிப்பதற்காகவே திங்கட்கிழமை எலியைப் பிடித்தார். அவள் அப்போதுதான் இன்னொரு பிள்ளையின் தோளைப் பதம்பார்த்திருந்தாள். எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா கடிக்கிற?"

வாயை இறுக்கி மூடிக்கொண்டு மனதுக்குள் எண்ணினார். மூன்று. நான்கு. எலி அவர் முகத்தையே பார்த்தாள். ஆறு. இவருக்கு முதுகில் வியர்த்தது. இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது கல்யாணத்தன்றுதான். எட்டு.

"உன் மூக்குக்குள்ள முடி இருக்கு" என்றாள் எலி.

"இருக்கட்டும். ஏன் கடிக்கிற?"

மறுபடியும் எண்ணினார். இந்தத் தடவை பன்னிரண்டு வரை போயிற்று.

"பின்னாடியிருந்து தள்றாங்க. எனக்கு எட்டல. தள்ளித் தள்ளி மூஞ்சி செவுத்துல இடிக்குது."

"எங்க?"

எலி கையை நீட்டினாள். கழிப்பறைக்கு வெளியே இருந்த குழாய்.

கண்டக்டர் எழுந்துபோய் அந்தக் குழாய்க்கு முன்னால் முழங்காலிட்டுப் பார்த்தார். தொட்டியின் விளிம்பு அவர் நெஞ்சுக்கு இருந்தது. எலிக்கு நெற்றிக்கு மேலே இருக்கும். பிள்ளைகள் குதிகாலைத் தூக்கி, தொட்டியில் தொங்கி, கையை நீட்டினால்தான் தண்ணீர். நோட்டுப்புத்தகம் எடுத்துக்கொண்டு மூன்று நாள் பார்த்தார். கடி பதினேழு. அதில் பதினைந்து பத்தே முக்காலிலிருந்து பதினொன்றேகாலுக்குள், குழாய் வரிசையில். கடித்தவள் பெரும்பாலும் எலி. ஆனால் மற்றவர்களும் சளைக்கவில்லை, அவர்கள் கிள்ளினார்கள். அவளுடைய பற்கள் மட்டும் தடயம் விட்டன.

"இது ரௌடித்தனம் இல்ல டீச்சர்" என்றார், கண்டுபிடிப்பின் சந்தோஷம் தாங்காமல். "ஒரே கதவு வச்ச பஸ்ஸு. நாப்பது பேர் ஏறணும். பெரியவங்களா இருந்தா கத்தியே எடுத்திருப்பாங்க. அரை மணி நேரம் வரிசை, அதுவும் தெனம் ரெண்டு தடவை. புள்ளைய மாத்த வேணாம், குழாய மாத்துங்க."

பெரிய டீச்சர் வெகுநேரம் அந்த நோட்டைப் பார்த்தார். "பதினோரு வருஷமா எனக்குத் தெரியல பாருங்க" என்றார். "ஒருத்திக்கு மூக்கு துடைக்கறப்போ இன்னொருத்தன் எங்க நிக்கறான்னு பாக்க எனக்கு ஏது கண்ணு?"

குழாய் வாங்குவது என்றால் கடைக்குப் போய் வாங்குவது என்றுதான் கண்டக்டர் நினைத்திருந்தார். நகராட்சி அவருக்கு உலகத்தைக் கற்றுக்கொடுத்தது. கட்டடப் பிரிவு பொறியாளர் காது குடைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"குழாய்னா அது குடிநீர்ப் பிரிவு. பாலர் பள்ளின்னா கல்விப் பிரிவு. நீங்க வந்திருக்கறது கட்டடப் பிரிவு."

"குழாய் கட்டடத்துலதானே சார் இருக்கு?"

"கட்டடம் இருக்கு, ஆனா தண்ணி வந்தா அது அவங்களுது."

குடிநீர்ப் பிரிவில், தரையிலிருந்து மூன்றடிக்குக் கீழே குழாய் வைக்க விதியில் இடமில்லை என்றார்கள். கல்விப் பிரிவில், தரம் உயர்த்தப் புது நிதி வந்து தூங்குகிறது என்றார்கள். ஆனால் அதில் கற்றல் கருவி மட்டும்தான் வாங்கலாம், குழாய் வாங்கினால் தணிக்கையில் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து வாரம் அலைந்தார். அவர் டிக்கெட் கிழித்த தடத்திலேயே பேருந்தில் போய்வந்தார், ஒவ்வொரு முறையும் அந்த மஞ்சள் இயந்திரம் அவரைப் பார்த்துக் 'கீச்' என்றது. ஒரு சனிக்கிழமை பயிற்சியில் இதைச் சொல்லிப் புலம்பியபோது ஸ்டாப்வாட்ச் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"சார், தண்ணில விளையாடறது கற்றல்தானே? நான் நடத்தின நாலாவது பாடம் அதுதானே?"

"நான் தூங்கிட்டேன்."

"தெரியும். குறிச்சு வச்சிருக்கேன்."

இருவரும் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்கள். பொருளின் பெயர்: நான்கு வாய் நீர்க் கற்றல் கருவி, சுவரில் பொருத்தத்தக்கது. உயரம்: பயனாளியின் இடுப்பளவு. கற்பிக்கும் திறன்கள்: அளவு, ஓட்டம், நிறைவு, முறை வைத்தல், பொறுமை. ஒரு பொய்கூட இல்லை என்பதுதான் அதில் அழகு. மூன்றே வாரத்தில் அனுமதி வந்தது. ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு வந்த பிளம்பர், அறை முழுக்கத் தேடிவிட்டு, "கருவி எங்கங்க?" என்று கேட்டார்.

"உங்க பையில இருக்கு" என்றார் கண்டக்டர்.

நாலு குழாய், பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில், நீளமான ஒரு தொட்டி. நாற்பது பேர் கைகழுவ ஏழு நிமிடம் ஆயிற்று. முதல் வாரம் தரை முழுக்க வெள்ளம். இரண்டாம் வாரம் பிள்ளைகளே துணிபோட்டுத் துடைத்தார்கள், துடைப்பதற்காகவே கொட்டினார்கள். எலி கடித்த கடைசி ஆள் அந்தப் பிளம்பர்தான். அவளுக்கென்று அவள் முடிவு செய்துகொண்ட குழாயில் அவர் வாய் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டார்.

தினம் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் மிச்சமாயிற்று. அதை என்ன செய்வது? ஒரு காலை, பெரிய டீச்சர் யாரிடமும் சொல்லாமல் ஸ்டூல் போட்டு ஏறி, உச்சி அலமாரியிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கண்டக்டர் கீழே நின்று வாங்கினார். பிளாஸ்டிக் உறை நொறுங்கி அவர் கையில் தூளாகக் கொட்டியது.

"உடைஞ்சா திரும்ப வாங்கித் தர ஆளில்ல. நாப்பது பேருக்கு நான் ஒருத்தி. யாராவது கட்டைய எடுத்து யார் மண்டைலயாவது போட்டா?" என்றார், முகத்தைக் காட்டாமல். "அதான் மேல வச்சேன். புள்ளைங்க அண்ணாந்து பாத்துக்கிட்டே வந்து, அண்ணாந்து பாத்துக்கிட்டே போயிருச்சுங்க. எத்தனை புள்ளைங்க!"

கண்டக்டர் வாங்கிய பெட்டியைப் பிடித்தபடியே நின்றார். பத்து வரைக்கும் எண்ணினார். அதற்குள் டீச்சரே மூக்கைச் சிந்திவிட்டு, "நிக்கறீங்களே, அடுத்த பெட்டிய வாங்குங்க" என்றார்.

பிள்ளைகள் கட்டினார்கள், இடித்தார்கள், சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள், ஓயாமல் பேசினார்கள். சட்டை நனைந்து, முழங்காலில் மண்ணோடு, கையில் ஒரு நோட்டுப்புத்தகமும் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். பெற்றோருக்குப் பொறுக்கவில்லை. எதிர்த்த தெருவிலேயே கட்டணம் வாங்கும் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே மூன்று வயசுக்கே டை, ஷூ, தினம் இரண்டு பக்கம் வீட்டுப்பாடம். 'ஒரே வருடத்தில் ஐந்நூறு சொற்கள்' என்று வாசலில் பலகை.

மருந்துக்கடைக்காரர் பெற்றோர் கூட்டத்தில் எழுந்தார். "எம் பையன் வாய மூடறதே இல்ல. மேகத்துக்கு எலும்பு இருக்கா, மாத்திரைக்கு யார் ருசி வெக்கறாங்க, நீ ஏன் வழுக்கைன்னு கடைல வர்ற ஆளுங்களையெல்லாம் கேக்கறான். ஆனா ஒரு எழுத்து எழுதத் தெரியல. ஓசின்னா இப்பிடித்தான் இருக்குமா? எழுத்து சொல்லிக்குடுங்க. இல்லன்னா நாங்க பதினோரு பேர் புள்ளைங்கள மாத்தறோம்."

பதினோரு பேர் போனால் மிச்சம் இருபத்தொன்பது. முப்பதுக்குக் கீழே போனால் ஒரு பெரியவரே போதும் என்று விதியில் ஒரு மூலையில் இருந்தது. அதாவது கண்டக்டருக்கு மறுபடியும் பட்டியல். பெரிய டீச்சர் வெளிறிப்போனார். கண்டக்டர் எழுந்தார்.

"சார் சொல்றது நியாயம். எழுத்து வேணும். இப்பவே ஒரு வகுப்பு நடத்திருவோம். எல்லாரும் உக்காருங்க."

"எங்க உக்கார்றது?"

"நாற்காலி கெடக்கே."

அப்பாக்களும் அம்மாக்களும் முழங்கால் உயர நாற்காலிகளில் மடங்கி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பென்சில் கொடுத்தார். கரும்பலகையில், எந்த மொழியிலும் இல்லாத, பாம்பும் கொக்கியும் பின்னிக்கொண்டது மாதிரி ஓர் எழுத்தைப் போட்டார்.

"இத ரெண்டு பக்கம் எழுதணும். எழுதற கையில இல்ல, அடுத்த கையில. கோட்டுக்கு வெளிய போகக் கூடாது. பேசக் கூடாது. எழுந்திருக்கக் கூடாது."

முதலில் சிரித்தார்கள். ஐந்து நிமிடத்தில் சிரிப்பு நின்றது. ஒருவர் பக்கத்துத் தாளை எட்டிப்பார்த்தார். "காப்பி அடிக்காத!" என்று பேருந்துக் குரலில் ஒரு சத்தம் போட்டார் கண்டக்டர். ஓர் அம்மா தண்ணீர் கேட்டார். "பெல் அடிக்கட்டும்" என்றார். மருந்துக்கடைக்காரர் நாக்கைத் துருத்திக்கொண்டு அழுத்தி எழுதியதில் பென்சில் முனை உடைந்தது.

"இது என்ன எழுத்துய்யா? இதுக்கு அர்த்தம் என்ன?"

"கேள்வி கேக்கக் கூடாது. எழுது."

"எனக்கு இடுப்பு வலிக்குது."

"அவன் பாரு எவ்வளவு அழகா எழுதறான். உனக்கு மட்டும் என்ன?"

பதினெட்டாவது நிமிடம் மருந்துக்கடைக்காரர் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு எழுந்தார். நாற்காலி அவரை விட மறுத்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "பெரியவங்கள வச்சுக் கூத்தடிக்கிறியா?" என்று கத்திவிட்டு வெளியே போனார்.

"நீங்க பெரியவங்க, கோவம் வந்துச்சு, எழுந்து போயிட்டீங்க" என்றார் கண்டக்டர் அவர் முதுகைப் பார்த்து. பிறகு மற்றவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அதுங்களால போக முடியாது. அதான் விஷயம். எழுத்து வேணாம்னு நாங்க சொல்லல. கட்டைய அடுக்கற விரலுதான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். அர்த்தத்தோட பேசற வாய்தான் நாளைக்குப் படிக்கும். நான் எட்டாங்கிளாசோட நின்னவன். எழுத்து தெரியாம நிக்கல, எனக்கு எதுக்கு இதுன்னு யாரும் சொல்லாததால நின்னேன்."

அதற்காக எல்லோரும் மனம் மாறிக் கைதட்டினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் அவர் மேல் நகராட்சிக்குப் புகார் எழுதினார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவர் விளக்கம் எழுதினார். ஐந்து பிள்ளைகள் மாறிப்போனார்கள். மருந்துக்கடைக்காரர் மகன் அதில் முதல். மிச்சம் முப்பத்தைந்து. கண்டக்டரின் வேலை தப்பித்தது.

வருடக் கடைசியில் ஸ்டாப்வாட்ச் மறுபடியும் மூலையில் உட்கார்ந்து குறித்தாள். 'உள்ள போ' ஆறு. கேள்வி ஐம்பத்திரண்டு. காத்திருந்தது நாற்பத்தேழு. "மிச்ச அஞ்சுக்கு என்ன சார் ஆச்சு?" என்றாள். "அஞ்சும் நான் உன் பக்கம் திரும்பினப்போ கேட்டது. உன்னப் பாத்தா எனக்கு அவசரம் வந்துருது" என்றார். பள்ளிக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் கிடைத்தது; ஒன்று குறைந்ததற்குக் காரணம், 'உதவியாளரின் குரல் அளவு'. தர நிதி அடுத்த வருடமும் தொடர்ந்தது. கட்டடப் பிரிவு இப்போது எல்லாப் பாலர் பள்ளிக்கும் இடுப்பளவு உயரத்தில் நாலு குழாய் என்று வரைபடம் போட்டிருக்கிறது. அதன் அடியில் காது குடைந்த பொறியாளரின் கையெழுத்து இருக்கிறது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. சம்பளம் மட்டும் இன்னும் கண்டக்டர் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதற்காக அவரும் முப்பது பெண்களும் மாதம் ஒரு மனு கொடுக்கிறார்கள்.

டை கட்டிப் போன பையன் அடுத்த பருவத்தில் திரும்பிவந்தான். மருந்துக்கடைக்காரர் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"நூத்தி இருபது வார்த்தை எழுதறான்" என்றார், கண்டக்டர் முகத்தைப் பார்க்காமல். "ஆனா பேச மாட்டேங்கறான். வீட்லயும் பேசல, கடைலயும் பேசல. ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறான். படுக்கைய வேற நனைக்கறான். நான் மருந்துக்கடை வச்சிருக்கேன், எனக்கு இதுக்கு மருந்து தெரியல."

கண்டக்டரின் நாக்கு நுனியில் ஒரு டஜன் பதில் வந்து நின்றது. ஒவ்வொன்றும் முத்து. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "உள்ள வாப்பா" என்றார் பையனிடம்.

நாலு நாள் அவன் பேசவில்லை. கட்டைகளைக்கூட வரிசையாக, கோடு போட்டது மாதிரி அடுக்கினான். கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது கேட்பார், காத்திருப்பார், ஒன்றும் வராது, எழுந்து போவார். எலி ஒரு தடவை வந்து அவன் அடுக்கியதைத் தட்டிவிட்டுப் போனாள். அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் ஜன்னலடியில் தரையில் குந்தியிருந்தான். கண்டக்டரும் முனகிக்கொண்டே குந்தினார். எறும்புகள் ஒரு பிஸ்கட் துண்டை இழுத்துக்கொண்டு போயின. இருவரும் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று கண்டக்டர் எண்ணவில்லை.

"மாமா" என்றான் பையன். "எறும்புக்குத் தும்மல் வருமா?"

கண்டக்டருக்குத் தெரியவில்லை. பெரிய டீச்சருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் பையனைக் கூப்பிட வந்த அப்பாவிடம் அதே கேள்வி போயிற்று. மருந்துக்கடைக்காரர் பையை மகன் தோளில் மாட்டப்போனவர் அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"மூக்கு இருந்தாத்தானே தும்மல் வரும்?" என்றார் ஒருவழியாக.

"வாசனை தெரியுதே, அப்ப மூக்கு இருக்கும்ல?" என்றார் கண்டக்டர்.

"அது மீசைலங்க வாசனை புடிக்கும். நான் படிச்சிருக்கேன்."

"மீசைல தும்மல் வராதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

பையன் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றான். மாடியிலிருந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு இறங்கிய ஓர் அம்மாள், வழிவிடச் சொல்ல வந்தவள், நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, "தூசி பட்டா வரும்னுதான் நினைக்கிறேன்" என்றாள்.